எட்டாவது கல்

மதுக்கரை
9 நவம்பர் 1934

மாப்பிள்ளை அரங்கசாமிக்கு மாமன் சென்னியப்பக் கவுண்டர் எழுதுவது. இங்கே ஆள், மாடு, தோட்டம் எல்லாம் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். வேலை செய்யாதவன் உடம்புக்கு என்ன கேடு வரப்போகிறது?

நிற்க. உன் கடிதத்தை என் மகள் பாவாத்தாள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். முதல் தடவை நான் நம்பவில்லை. என் தங்கச்சி செத்தபோது உனக்கு ஆறு வயது. தூக்கிவந்து வளர்த்தேன். படிக்கவைத்தேன். நூற்பு இயந்திரம் கற்றுவா என்று மான்செஸ்டர் பட்டணத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டேன். பீளமேட்டில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கட்டுகிற மில்லுக்குச் சுவர் எழும்பிவிட்டது. பைக்காரா மின்சாரமும் வந்துவிட்டது. தையில் நீ வந்து, உரிமைப்பெண் பாவாத்தாளுக்குத் தாலி கட்டி, மில்லில் உட்காருவாய் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ என்ன செய்திருக்கிறாய்? பாதிப் படிப்பில் மான்செஸ்டரை விட்டுவிட்டு, தன் ஆலையை விற்றுத் தின்கிற ஒரு கிழட்டு வெள்ளைக்காரனோடு பிரான்சு தேசத்துக் கரட்டின்மேல் ஏறிக்கொண்டு, குழாய் வழியாக வானம் பார்க்கிறாய். அதிலே ஒரு கல்லைக் கண்டுபிடித்தேன் என்று பெருமை வேறு. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்.

கல்லைப் பற்றி என்னிடமா சொல்லுகிறாய்? என் காட்டுச் சுண்ணாம்புக்கல் தினம் நாற்பது வண்டி சிமென்ட் ஆலைக்குப் போகிறது. எந்தக் கல்லையும் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, அது எதற்கு ஆகும் என்று சொல்லிவிடுவேன். உன் கல்லைத் தட்ட முடியுமா? கண்ணால் பார்க்கத்தான் முடியுமா? வெறும் கண்ணுக்குத் தெரியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். கண்ணுக்குத் தெரியாத கல்லைக் கண்டுபிடிக்க மதுக்கரையில் இருந்தே முடியும். இதற்குக் கப்பல் எதற்கு?

புத்தி வந்தால் பதில் எழுது.

சென்னியப்பக் கவுண்டர்

மச்சானுக்கு: அய்யன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எழுதுவது கணக்குப்பிள்ளை வேலை என்று அவர் பேனாவைத் தொடமாட்டார். திட்டுகளில் பாதியை விட்டுவிட்டேன். மீதியை நல்ல தமிழாக மாற்றியிருக்கிறேன். என்னையும் மில்லையும் ஒரே வரியில் வைத்துச் சொன்னாரே, அதை மட்டும் அப்படியே எழுதினேன். கல் எப்படி அகப்பட்டது என்று விவரமாக எழுதுங்கள். — பாவாத்தாள்


வில்கின்சன் துரை பங்களா
தெற்கு பிரான்சு
6 டிசம்பர் 1934

மதிப்புக்குரிய மாமாவுக்கு அரங்கசாமி பணிந்து எழுதுவது. இறைவன் அருளால் நலம். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நடந்ததைக் கேளுங்கள். இங்கே வானத்தைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கிறோம். குழாயை நட்சத்திரங்களோடு கூடவே நகர்த்துவதால் அவை புள்ளிகளாக விழும். தன் போக்கில் நகர்கிற பொருள் மட்டும் சிறு கோடாக விழும். அக்டோபர் எட்டாம் தேதித் தகட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அரிசியில் கிடக்கிற உமி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. பழைய பட்டியல்களில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. மறுநாள் தகட்டிலும் இருந்தது, கொஞ்சம் நகர்ந்து. துரை என் தோளில் தட்டி, "இது உன்னுடையது" என்றார்.

இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றுகிற சிறுகோள்களில் ஒன்று. ஒரு சுற்றுக்கு நாலரை வருடம். ஏழு மணி நேரத்தில் இரண்டு தரம் மங்கி இரண்டு தரம் பிரகாசிக்கிறது. ஆகவே உருண்டையாக இல்லாமல் அம்மிக் குழவி போல நீண்டு, தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். குறுக்களவு பதினைந்து மைல் இருக்கலாம். அதாவது மதுக்கரையிலிருந்து கிணத்துக்கடவையும் தாண்டும்.

இப்போது அதற்குத் தற்காலிகக் குறி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். ஒன்றேகால் வருடம் கழித்துத் திரும்பும்போது, கணக்குப் போட்ட இடத்தில் மறுபடியும் கண்டுபிடித்தால்தான் பெர்லின் கணிதசாலையில் நிரந்தர எண் தருவார்கள். இல்லாவிட்டால் தொலைந்த கல்தான். எண் கிடைத்தால், பார்த்தவன் பெயர் வைக்கலாம். பெண் பெயராக வைப்பது வழக்கம். நான் பாவாத்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் ஆசி வேண்டும்,
அரங்கசாமி


மதுக்கரை
30 டிசம்பர் 1934

அரங்கசாமிக்கு. மாப்பிள்ளை என்று எழுத இன்றைக்கு மனசு வரவில்லை. இங்கே சுகம். என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

பாவாத்தாள் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். "ஏன் அம்மணி நிறுத்திப்போட்டே?" என்றேன். "எம்பேருங்கய்யா" என்றாள். "உம்பேரா? உம்பேரு அங்கென்ன பண்ணுது?" "கல்லுக்கு வெச்சிருக்கறாருங்க."

அடே, உனக்கு மூளை இருக்கிறதா, அதையும் மான்செஸ்டரில் விட்டுவிட்டு வந்தாயா? நம் கிணற்று மேட்டில் வேப்பமரத்தடியில் கன்னிமார் இருப்பது மறந்துபோயிற்றா? ஏழு கல். கல்யாணம் ஆகாமல் கண்ணை மூடிய பெண்ணுக்குத்தான் நம் வீட்டில் கல் நட்டு, பேர் சொல்லிப் பால் ஊற்றுகிற வழக்கம். நீயும் சின்ன வயதில் அந்தப் பொங்கலைத் தின்றுதான் வளர்ந்தாய். உயிரோடு நடமாடுகிற பெண்ணுக்கு, அதுவும் தாலி கட்டப் போகிற பெண்ணுக்கு, எவனாவது கல்லில் பேர் வைப்பானா? வெள்ளைக்காரனுக்குத் தெரியாது. அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் மாட்டைத் தின்கிறவன். உனக்கு என்ன கேடு?

அந்தப் பேரை இன்றைக்கே திரும்ப வாங்கு. வேண்டுமானால் உன் துரையின் நாய் பேரை வை. அந்தக் கல்லுக்கு அது போதும். கிணத்துக்கடவையும் தாண்டி நீளுகிற கல்லாம், தகட்டில் உமி அளவுக்கு இருக்கிறதாம். அம்மிக்கு ஆகாது, ஆட்டுக்கல்லுக்கு ஆகாது, சுண்ணாம்புக்கும் ஆகாது. என் வண்டிக்காரன் வழியில் இப்படி ஒரு கல்லைக் கண்டால் காலால் தள்ளிவிட்டுப் போவான்.

பேரை வாங்கிவிட்டேன் என்று எழுதினால்தான் இனி பதில்.

சென்னியப்பக் கவுண்டர்

மச்சானுக்கு: அய்யனுக்குக் கோபம் மட்டும் இல்லை, பயந்துவிட்டார். பேரை எடுத்துவிடுங்கள். எனக்குக் கல்லால் பயம் ஒன்றும் இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வைத்தீர்கள் பாருங்கள், அதுதான் பிடிக்கவில்லை. அய்யனைப் போலவே நீங்களும் என்னை ஒரு மில்லாக நினைத்துவிட்டீர்கள். ஒரு சந்தேகம். வெளிச்சத்தை வைத்துத்தானே பதினைந்து மைல் என்கிறீர்கள்? சின்னச் சுண்ணாம்புக்கல்லும் பெரிய கரிக்கட்டியும் தூரத்தில் ஒரே வெளிச்சமாகத்தானே தெரியும்? அது சிறிசாக வெள்ளையா, பெரிசாகக் கறுப்பா? — பாவாத்தாள்


தெற்கு பிரான்சு
27 ஜனவரி 1935

மாமாவுக்குப் பணிவான வணக்கம். அங்கே அனைவரும் நலமாக இருக்க வேண்டும். எனக்குச் சளி பிடித்து விட்டது, இப்போது பரவாயில்லை.

பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கன்னிமார் கல் எனக்கு நினைவே வரவில்லை. அது என் தப்புதான். துரையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உன் மாமா சொல்வது சரி" என்றார். பெயர் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

பாவாத்தாளின் கேள்வியைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்து, "இதைக் கேட்க உனக்கு எத்தனை மாதம் ஆயிற்று?" என்றார். நான் கேட்கவே இல்லை, மாமா. அவள் சொன்னது உண்மை. வெளுப்பான கல் என்றால் பதினைந்து மைல். கறுப்பு என்றால் முப்பது, பொள்ளாச்சியையும் தாண்டும். எது என்று சொல்ல இன்றைக்கு உலகத்தில் யாருக்கும் வழி தெரியாது.

அது திரும்பி வருகிற வரை நான் இங்கே இருக்க வேண்டியிருக்கிறது. வேறு யாருக்கும் அதைத் தேடுகிற அக்கறை இருக்காது. கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க வேண்டுகிறேன்.

அரங்கசாமி


மதுக்கரை
20 பிப்ரவரி 1935

மாப்பிள்ளைக்கு. பேரை வாங்கிவிட்டாய் என்பதால் மறுபடியும் மாப்பிள்ளை. இங்கே சுகம். உன் சளிக்கு மிளகும் பனங்கருப்பட்டியும் சாப்பிடு, அந்த ஊரில் கிடைத்தால்.

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்து பார்த்திருக்கிறேன். கல்லுக்காகக் காத்திருக்கிற மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். மில்லில் கூட்டாளிகள், "ஏனுங்க, உங்க மாப்பிள்ளை எப்பங்க வாராரு?" என்று கேட்கிறார்கள். "கல்லு வந்ததும் வாராருங்க" என்றா சொல்வது? சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் இன்னும் பலமாகச் சிரிப்பேன்.

அவிநாசிப் பக்கம் ஜின்னிங் பாக்டரி வைத்திருப்பவர் மகன் ஒருவன் இருக்கிறான். அவன் பூமியில் நடக்கிறவன். அடுத்த தை முடிவதற்குள் நீ வராவிட்டால் பெண்ணை அங்கே கொடுப்பேன். அவளும் உன்னைக் கெடுத்தவள்தான். கறுப்பா வெள்ளையா என்று கேள்வி கேட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்றால், "கல்லுக்காரன் மகளுங்களே" என்கிறாள்.

சென்னியப்பக் கவுண்டர்

மச்சானுக்கு: ஜின்னிங் மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். வந்ததிலிருந்து போகிற வரை பஞ்சு விலை பேசினார். நான் அடுத்த தை வரை காத்திருப்பதாக அய்யனிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்காக என்று கர்வப்பட வேண்டாம். கல் சொன்ன இடத்துக்கு வருகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். எந்தத் தேதி என்று எழுதுங்கள், காலண்டரில் குறித்துவைக்கிறேன். கறுப்பாகவும் பெரிசாகவுமே இருக்கட்டும். வெள்ளையாகச் சின்னதாக இருப்பதில் என்ன இருக்கிறது? — பாவாத்தாள்


தெற்கு பிரான்சு
4 மே 1935

மாமாவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். கருப்பட்டி கிடைக்கவில்லை.

தாமதத்துக்கு மன்னியுங்கள். கணக்கை மூன்று முறை போட்டு, மூன்று முறையும் வேறு வேறு விடை வந்தது. நாலாவது முறை துரையும் நானும் தனித்தனியாகப் போட்டோம், ஒத்துவந்தது. தை அமாவாசை சமயம், ஜனவரி 24, 1936. அதற்கு இரண்டு நாள் முன்னே பின்னே. அம்மணியிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அது வந்தாலும் வராவிட்டாலும் மார்ச் மாதக் கப்பலில் நான் புறப்படுவேன். தை தாண்டுகிற இரண்டு மாதத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் உங்களிடம் தவணை கேட்கமாட்டேன்.

அரங்கசாமி


மதுக்கரை
18 நவம்பர் 1935

மாப்பிள்ளைக்கு மாமன் ஆசி. ஆறு மாதமாக நான் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? மில்லில் நூற்புக் கதிர் ஓட ஆரம்பித்துவிட்டது, நீ இல்லாமலே. பம்பாயிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தோம். உன்னில் பாதி உயரம் இருக்கிறான், ஆனால் தலையைக் குனிந்து இயந்திரத்தைப் பார்க்கிறான்.

ஊரில் எலி செத்து விழுந்தது. உடனே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்கு வந்து ஓலைச் சாளை போட்டுக்கொண்டோம். பயப்பட ஒன்றும் இல்லை. பிளேக் என்பது கோயமுத்தூர் உக்கடத்துச் சந்து பொந்தில் அடைந்து கிடக்கிறவர்களுக்கு வருகிற சமாச்சாரம். தோட்டத்துக் காற்றில் இருக்கிறவனை அது என்ன செய்யும்?

இதிலே ஊசி போடுகிறேன் என்று நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஏனுங்க, ஊட்ல எத்தனை பேருங்க? அல்லாரும் கையை நீட்டோணுங்க" என்றான் ஒருவன். "எங்க ஊட்டுப் பொண்ணு கையைத் தொடறதுக்கு நீ ஆருடா?" என்று கேட்டேன். சாட்டையை எடுத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினார்கள். அதைப் பார்த்து ஆட்களெல்லாம் சிரித்தார்கள். நோய் வருவதற்கு முன்னால் மருந்து போடுகிறானாம். பசி வருவதற்கு முன்னால் சோறு தின்கிற மாதிரி. உன்னைப் போலப் படித்தவன்தான் அதையும் கண்டுபிடித்திருப்பான்.

சென்னியப்பக் கவுண்டர்

மச்சானுக்கு: ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். இரண்டு நாள் சண்டை பிடித்தேன். பலிக்கவில்லை. வண்டி கட்டிக்கொடுத்தால் கோயமுத்தூர் போய்ப் போட்டுக்கொண்டு வருவேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். போகட்டும். சாளையில் கூரைக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது, வானம் தெரிகிறது. தையில் கல் எந்தப் பக்கம் வரும்? கண்ணுக்குத் தெரியாது என்று தெரியும். பார்க்கிற பக்கம் சரியாக இருந்தால் போதும். — பாவாத்தாள்


தெற்கு பிரான்சு
10 டிசம்பர் 1935

மாமாவுக்கு வணக்கம். தங்கள் கடிதம் கண்டதும் எழுதுகிறேன். மாமா, உங்களிடம் நான் இதுவரை எதிர்த்துப் பேசியது இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பேசுகிறேன். ஊசி போடுகிறவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். கூப்பிட வெட்கமாக இருந்தால் நீங்களே வண்டி கட்டி அம்மணியைக் கூட்டிப் போங்கள். என்னையும் என் கல்லையும் எவ்வளவு வேண்டுமானாலும் கேவலமாகப் பேசுங்கள். இதை மட்டும் கேளுங்கள்.

அம்மணிக்கு: தையில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே பார். தைப்பூசத்து நிலா எந்த இடத்தில் நிற்குமோ, அந்த இடம். பூச நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தெற்கே. சந்து வழியாகத் தெரியாவிட்டால் வெளியே வந்து, கன்னிமார் கோயில் வேப்பமரத்துக்கு முதுகைக் காட்டி நின்றால், நேர் எதிரே. ஒன்றும் தெரியாது. ஆனால் நீ அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். அதே நேரத்தில் நானும் இங்கே குழாயைத் தயார்செய்துகொண்டிருப்பேன்.

அரங்கசாமி


மதுக்கரை
30 டிசம்பர் 1935

அரங்கசாமி தம்பிக்கு, தங்கள் மாமா சொல்ல, பள்ளிக்கூடத்து வாத்தியார் தம்பிதுரை எழுதுவது.

இங்கே சுகம். பாவாத்தாளுக்கு வலது கை விரலில் அரிவாள் பட்டுவிட்டதால் அவள் எழுதவில்லை. எலித் தொந்தரவு குறைந்துவிட்டது. தோட்டத்தில் சோளம் அறுத்தாகிவிட்டது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கல்லுக்கு வேறு ஏதாவது பேர் வைத்துவிட்டாயா? வைக்காவிட்டால் இருக்கட்டும். அவ்வளவுதான் விஷயம்.

சென்னியப்பக் கவுண்டர்


தெற்கு பிரான்சு
26 ஜனவரி 1936

அன்பும் மதிப்பும் உள்ள மாமாவுக்கு. நான் நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள், ஒருவர் விடாமல்.

கல் வந்துவிட்டது, மாமா. இருபத்து மூன்றாம் தேதித் தகட்டில், சொன்ன இடத்தில், அதே உமி அளவுக் கோடு. நான் துரையைக் கட்டிக்கொண்டேன். பெர்லினுக்குத் தந்தி போயிற்று, எண் கொடுத்துவிடுவார்கள். மார்ச் இருபத்தெட்டாம் தேதிக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். எண்ணும் நானும் ஒன்றாக வந்து சேருவோம். பெயர் எழுதுகிற இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடிதம் நேற்றுமுன்தினம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் திருப்பி ஊர் முத்திரையைப் பார்த்தேன். பிறகு விரல் காயம் என்று படித்தேன். மாமா, பாவாத்தாள் இடது கையாலும் எழுதுவாள். சின்ன வயதில் என் வீட்டுப்பாடம் பாதியை அவள் இடது கையால்தான் எழுதிக்கொடுப்பாள், வாத்தியாருக்கு எழுத்து வித்தியாசம் தெரியாமல் இருக்க. அடியில் அவள் இரண்டு வரி எழுதாமல் உங்கள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வந்தது இல்லை. கடிதத்தில் நீங்கள் என்னை ஒரு இடத்தில்கூடத் திட்டவில்லை.

தந்தி கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வரி எழுதுங்கள்.

அரங்கசாமி


மதுக்கரை
18 பிப்ரவரி 1936

மாப்ளைக்கு. இது நானே எழுதறன். மூணாங் கிளாசு படிச்ச கை. நான் பேசறதைத் திருத்தி நல்ல தமிழா எழுத ஆளில்லை, அதனால பேசற மாதிரியே எழுதறன். இங்க சுகம்னு எழுத முடியலை.

மார்கழி மூணாந்தேதி காய்ச்சல். அஞ்சாந்தேதி நெறி கட்டிச்சு. ஏழாந்தேதி விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்த ஊசிக்காரங்களைத் தேடி நானே உக்கடத்துக்கும் அதுக்கு அந்தாண்டையும் போனேன். நாஞ் சாட்டை எடுத்து முடுக்கினவன்தான் வந்தான். பொட்டியைத் தூக்கிட்டு ஓடியாந்தான். "இப்பப் போட்டுப் பிரயோசனமில்லீங்க, முன்னாலயே போட்டிருக்கோணுங்க" அப்படீன்னான். மருவாதையாத்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியலை.

ஊசி போட்டுக்கிட்ட உக்கடத்துச் சனம் நல்லாருக்குது. தோட்டத்துக் காத்துல இருந்தவ போயிட்டா. உன்னைக் கேவலமாப் பேசினேன், துரையைப் பேசினேன், ஊசிக்காரனைப் பேசினேன். பேசாம உட்டது என்னை ஒருத்தனைத்தான். எந்தக் கல்லையும் தட்டிப் பாத்துச் சொல்லுவேன்னு பீத்தினேன். ஊட்டுக்குள்ள இருந்தவளை எனக்குத் தெரியலை.

வாத்தியார்கிட்டப் பொய் சொல்லி எழுத வெச்சேன். அவருக்கும் மனசில்லை. கப்பல்ல வர்ற வரைக்கும் உனக்குத் தெரியவேண்டாம்னு நெனச்சேன். நீ இடது கையின்னு எழுதிப்போட்டே.

கிணத்து மேட்டுல நம்ம காட்டுக் கல்லு ஒண்ணு நட்டிருக்கறேன். ஏழுக்குப் பக்கத்துல எட்டாவது. பேர் சொல்லிப் பால் ஊத்தியாச்சு. அந்தக் கல்லு நல்ல கல்லு, ஆனா வெள்ளைக் கல்லு, சின்னது. உன்ர கடுதாசியெல்லாம் அவ பொட்டியில இருந்துச்சு. அதுங்களோட அடியில அவ உனக்கு எழுதினதுக்கு நகல் எடுத்து வெச்சிருக்கறா. கறுப்பா பெருசா இருக்கோணும்னு எழுதியிருக்கறா. அப்படிக் கல்லு எங்கிட்ட இல்லை. உங்கிட்டத்தான் இருக்குது. நாஞ் சொல்லித்தானே பேரைத் திரும்ப வாங்கினே. இப்ப வெச்சிரு. இனி அதுல ஒரு தப்பும் இல்லை.

மில்லுக்கு வேற ஆளு இருக்கறான். நீ வந்தாலுஞ் சரி, அங்கயே இருந்தாலுஞ் சரி. அந்தக் கல்லை மட்டும் தொலைச்சுப்போடாதே.

அவளுக்குத் தெசை சொல்லி நீ எழுதின கடுதாசி, வாத்தியார் எழுதி மூணு நாள் கழிச்சு வந்துச்சு. வாத்தியாரைப் படிக்கச் சொல்லலை. நானே எழுத்துக் கூட்டி ரெண்டு நாள் படிச்சேன். அதுல இருந்து தெனமும் பொழுது சாஞ்சதும் வேப்பமரத்துக்கு முதுகைக் காட்டி நின்னு கெழக்கே பாக்கறேன். ஒண்ணும் தெரியறதில்லை. தெரியாதுன்னு நீயும் எழுதியிருக்கறே. மாசி பொறந்துபோச்சு, இப்பவும் அங்கயேதான் இருக்குதா, நகந்துபோச்சா? பாக்கற பக்கஞ் சரியான்னு மட்டும் எழுது.

சென்னியப்பன்